ஆடிக் கிருத்திகைக்குச் சுண்ணாம்பு போட்ட கிணறு

1. நாற்பத்தோராம் பக்கம்

அந்த எண்ணை எழுதியது நான்தான். பழியை அடுத்தவர் தலையில் போட்டுவிட்டு இந்தக் குறிப்பைத் தொடங்க எனக்கு விருப்பமில்லை. அடுத்தவர்கள் மேல் போட வேண்டிய பழியும் நிறைய இருக்கிறது, அதையும் போடத்தான் போகிறேன். ஆனால் ஃபீல்டு புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில், மேல்கண்டிகைக் கிணற்றுக்கு நேராக, பி.ஹெச். 7.9 என்று எழுதி அடியில் கோடும் போட்டது என் கை.

முப்பது வருடம் தண்ணீர் பரிசோதித்தே சம்பாதித்தவள் நான். கடைசி ஒன்பது வருடம் சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் ஃபீல்டு கெமிஸ்ட் வேலை. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் அவர்களுக்கு உறைக்காது. வீடு திருத்தணியில். காலையில் மின்சார ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவேன். அதனால் எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு ப்ராஜெக்ட் வந்தபோது ஆபீஸில் எல்லோரையும் விட எனக்குத்தான் சந்தோஷம்.

ப்ராஜெக்ட் இதுதான். திருத்தணியைச் சுற்றி மாநில எல்லை வரைக்கும் உள்ள மலைச்சரிவுகளில், அமில மழை பெய்தால் எந்த ஊரின் நிலத்தடி நீர் சீக்கிரம் கெடும், எது தாங்கும் என்று மேப் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். புகைபோக்கிகளிலிருந்து போகும் கந்தகப் புகை மேகத்தில் கலந்து மழை லேசான அமிலமாக இறங்குகிறது. கீழே மண் தடிமனாக இருந்தால், அதில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்திருந்தால், அமிலம் மண்ணிலேயே அடங்கிவிடும். வயிற்று எரிச்சலுக்கு நாம் மாத்திரை போட்டுக்கொள்வது போலத்தான். ஆனால் நம் பக்கத்து மலைகளில் பல இடங்களில் ஒரு சாண் மண், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. எல்லைப் பக்கம் போகப் போக குவார்ட்சைட். அந்தப் பாறை அமிலத்தை ஒன்றும் செய்யாது. மேலே விழுந்தது விழுந்தபடியே வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குள் போய்ச் சேரும்.

மண் எவ்வளவு, பாறை என்ன வகை, சரிவு எப்படி, நீர்மட்டம் எத்தனை அடியில் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் வரும். அது சரிதானா என்று பார்க்க ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரின் ஆல்கலினிட்டியை அளப்போம். ஒரு தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதற்கு அதுதான் அளவு.

நிறத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. சிவப்பு வாங்கும் ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் முதலில் போகும். மஞ்சள் என்றால் வரிசையில் நிற்க வேண்டும். பச்சை என்றால் இருக்கிற கிணறே போதும், பேச்சு முடிந்தது.

2. முந்தானையில் வெள்ளை

மேல்கண்டிகைக்கு நாங்கள் போனது ஆடிக் கிருத்திகை முடிந்த மறு வாரம். மலைச்சரிவில் அறுபது வீடு இருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே திறந்த கிணறு, அதிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றும் ஒரு டேங்க். மோட்டார் போடுவதும் வால்வு திறப்பதும் கோவிந்தம்மாவின் வேலை. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்தோடு எங்கள் ஜீப்புக்கு எதிரிலேயே வந்து நின்றார்.

“தண்ணி டெஸ்ட் பண்ண வந்தீங்களா மேடம்? வெயில்ல வந்துகினு இருக்கீங்க, மொதல்ல குடிங்க” என்று ஒரு சொம்பை நீட்டினார்.

“பரவால்லம்மா, பாட்டில் இருக்கு” என்றேன். சென்னையில் வாங்கிய பாட்டில். அதைத் திறந்து அவர் எதிரிலேயே குடித்தேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

எங்கள் ப்ராஜெக்ட் ஹெட் மனோகர் சாரும் அன்று கூட வந்திருந்தார். அவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. “மேடம், இன்னும் நாலு கெணறு பாக்கி இருக்கு, சீக்கிரம் முடிங்க” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தபடி இருந்தார்.

நான் ஃபார்மைப் பார்த்துக் கேள்வி கேட்டேன். கிணற்றின் ஆழம், விட்டம், நீர்மட்டம், எத்தனை வீட்டுக்கு, ஆடு மாடுக்கா மனுஷருக்கா. கோவிந்தம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் ஃபார்மில் இல்லாத ஒன்றையும் அவராகச் சொன்னார்.

“இந்தத் தண்ணிக்கு மோட்டாரு நிக்கறதில்ல மேடம். இரும்புக் குழாய்ங்க ஒரு வருசந்தான். அப்பால பொத்தல் பொத்தலா பூடுது.”

“மட்டமான பைப்பு வாங்கிப் போட்டிருப்பாங்க” என்றேன் நான். முப்பது வருட அனுபவம் பேசியது அது! இரும்பைத் தின்னும் தண்ணீரைப் பற்றி ஒருவர் வாயால் சொல்கிறார், அதைத் தேடித்தான் நாங்கள் ஜீப் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம், நான் பைப்புக் கடைக்காரனைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வாளியை இறக்கினேன். சுவர் பளிச்சென்று புது வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்தபோது முந்தானை முழுக்கச் சுண்ணாம்பு. தட்டிவிட்டேன். தட்டிய கையாலேயே மீட்டரைத் தண்ணீரில் வைத்தேன். 7.9. ஆல்கலினிட்டியும் எகிறியது. பி.ஹெச். ஏழுக்குக் கீழே இறங்கினால் அமிலம். இந்தச் சரிவில், இந்தப் பாறையில், 6 வந்திருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். மீட்டரைக் கழுவி மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே 7.9.

மனோகர் சாரிடம் காட்டினேன். “சூப்பர் மேடம். உள்ள எங்கியோ சுக்கான் வெயின் ஒண்ணு ஓடுது போல. எழுதிக்கோங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன். இல்லாத சுக்கான் கல்லை நாங்கள் இருவரும் சேர்ந்து பாறைக்குள் வைத்தோம். இருந்த சுண்ணாம்பு என் முந்தானையில் இருந்தது.

நான் திருத்தணிக்காரி என்பதை இங்கே இன்னொரு தரம் சொல்ல வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் வெள்ளை அடிப்பார்கள், காவடி எடுத்து வருபவர்களுக்கு ஊர் ஊராக எப்படித் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

3. பச்சை

ஆபீஸில் மேப் கம்ப்யூட்டரில் ஏறியது. மலைச்சரிவு முழுக்க சிவப்பு. நடுவில் மேல்கண்டிகை மட்டும் பச்சைப் பொட்டு. சாஃப்ட்வேர் அதோடு விடவில்லை. ஒரு கிணற்றின் எண்ணை எடுத்துச் சுற்றிலும் பரப்புவது அதன் வேலை. இன்டர்போலேஷன் என்பார்கள். பொட்டு வளர்ந்து ஒரு பெரிய வெற்றிலை அளவுக்குச் சரிவில் உட்கார்ந்துகொண்டது.

“சார், பாறை சிவப்புன்னு சொல்லுது, மண்ணு சிவப்புன்னு சொல்லுது. இந்த ஒரு வேல்யூ மட்டும் எப்படி சார்? மறுபடி ஒரு தரம் போய் எடுத்துட்டு வரேனே” என்றேன்.

“ஃபீல்டு வேல்யூவே கையில இருக்கறப்ப பாறைய கேட்டுக்கிட்டு இருப்பாங்களா மேடம்? எடுத்தது யாரு? நீங்க. உங்க வேல்யூ மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தார்.

இது ஒரு சாமர்த்தியம். பாராட்டுகிற மாதிரி வாயை அடைப்பது. நானும் அடைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில், கையெழுத்துப் போட்டேன். திருத்தணிக்கு ரயில் பிடிக்கும் அவசரம் என்று ஒரு சாக்கும் எனக்கு இருந்தது. அந்த மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததுகூட நினைவிருக்கிறது. அவ்வளவு நிம்மதியாக வந்திருக்கிறேன்.

4. ஓட்டைக் குழாய்

தை மாதம் பொதட்டூர்பேட்டைப் பக்கம் வேறொரு வேலையாகப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரில் ஹார்டுவேர் கடையிலிருந்து கோவிந்தம்மா வந்தார். கையில் இரண்டடி நீளத்துக்கு ஒரு பழைய இரும்புக் குழாய்.

அவர் என்னை வணக்கம் சொல்லி வரவேற்கவில்லை. குழாயை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டைகள் வழியாக அவர் கண் தெரிந்தது.

“போன தபா பைப்பு மட்டம்னு சொன்னீங்களே மேடம். இது கம்பெனி பைப்பு. கடக்காரரே பாத்துட்டு, இன்னாமா ஆசிட்ல போட்டியான்னு கேக்கறாரு. நீங்க எங்க ஊருக்குப் பச்ச குடுத்துட்டீங்களாமே? குழாய் வராதாமே?”

யாரோ பஞ்சாயத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பையில் மீட்டர் இருந்தது. அவரோடு அப்படியே ஆட்டோ ஏறி மேல்கண்டிகைக்குப் போனேன்.

5.2.

மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் அதே. கைப்பிடிச் சுவரின் வெள்ளை மழையில் கரைந்து திட்டுத் திட்டாக இருந்தது. அதைப் பார்த்ததும்தான் என் முந்தானை நினைவுக்கு வந்தது.

“கோவிந்தம்மா, கிருத்திகைக்கு சுவத்துக்கு மட்டுந்தான் சுண்ணாம்பு அடிச்சீங்களா?”

“கெணத்துக்கும்தான். மூணு மூட்ட கல் சுண்ணாம்பு நீத்து உள்ள ஊத்துவோம். எங்க நைனா காலத்துலருந்து ஊத்திகினு இருக்கறோம். காவடிக்காரங்க நகரி, புத்தூரு அந்தாண்டலருந்து மலையேறி வராங்க, இங்கதான் தண்ணி குடிப்பாங்க. சாமிக்கு வரவங்களுக்குப் புளிச்ச தண்ணிய குடுக்க முடியுமா? சுண்ணாம்பு போட்டா ஒரு மாசம், ஒன்ற மாசம் தண்ணி நல்லா இருக்கும். குழாயும் அரிக்காது. அப்பால பழையபடி ஆயிடும்.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

என் குரல் ஏறியிருந்தது. அவர் குரல் அதைவிட ஏறியது.

“இன்னாத்த சொல்றது? நான் குழாய் பொத்தலாவுதுன்னு சொன்னேன், நீங்க கடக்காரன் மேல போட்டீங்க. காயிதத்துல இருக்கறத மட்டும் கேட்டீங்க, எழுதிகினீங்க, வண்டி ஏறிட்டீங்க. வெள்ள சுவத்துல சாஞ்சுகினு நின்னவங்களுக்குத் தெரியாதா சுண்ணாம்பு போட்டிருக்குதுன்னு? எங்க கெணத்தாண்ட நின்னுகினு பாட்டில் தண்ணி குடிச்சவங்க நீங்க!”

அமிலத் தண்ணீருக்குச் சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்பதை அந்த ஊர் எங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எத்தனையோ வருடம் முன்பே தெரிந்து வைத்திருந்தது. அவர்கள் செய்து வைத்த வைத்தியத்தை அளந்துவிட்டு, நோயே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

5. ஒரு சொட்டு

மறுநாள் ஆபீஸில் மனோகர் சார் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“ரிப்போர்ட் சப்மிட் பண்ணியாச்சு மேடம். இப்ப போய் ரிவிஷன்னு சொன்னா மத்த வேல்யூ எல்லாத்தையும் நோண்டுவாங்க. ஒரே ஒரு ஊரு. அடுத்த ஃபேஸ்ல பாத்துக்கலாம்.”

“அறுபது வீடு சார்.”

“அறுபது வீட்டுக்காக ஆபீஸையே மாட்டி விடுவீங்களா?”

“ஆபீஸை நான் மாட்டி விடல சார். என்னையேதான் மாட்டி விடுறேன்” என்று சொல்லி, முன்பே எழுதி வைத்திருந்த கடிதத்தை மேஜையில் வைத்தேன். மேல்கண்டிகைக்கு நான் கொடுத்த வேல்யூ தவறு, சுண்ணாம்பு கலந்த தண்ணீரை அளந்துவிட்டேன், அதை வாபஸ் வாங்குகிறேன் என்று மூன்று வரி. ஒரு காப்பியை அன்றைக்கே குடிநீர்த் திட்ட ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நான் ரிடையர் ஆக அப்போது பதினோரு மாதம் இருந்தது. அந்தப் பதினோரு மாதத்துக்கு நான் வர வேண்டியதில்லை என்று அடுத்த வாரம் சொல்லிவிட்டார்கள். ஒரு சால்வைகூடப் போட்டார்கள். அந்தச் சால்வையால்தான் இப்போது கம்ப்யூட்டரை மூடி வைக்கிறேன்.

குடிநீர்த் திட்ட ஆபீஸுக்குக் கோவிந்தம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அதிகாரி என் கடிதத்தைப் படித்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

“மேப்ல பச்சைதானே இருக்கு? ஊருக்கு நல்ல தண்ணி இருக்குன்னு சந்தோஷப்படாம ஏம்மா சிவப்பு கேக்கறீங்க?” என்று கோவிந்தம்மாவைக் கேட்டார்.

நான் பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஒன்றில் அவர் ஆபீஸ் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் மேல்கண்டிகைத் தண்ணீர். இரண்டிலும் இண்டிகேட்டர் விட்டேன், இரண்டும் நீலமாயின. தண்ணீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி தீர்ந்துபோனால் நிறம் பளிச்சென்று ரோஸாக மாறும்.

“எண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் தண்ணீரில் நீர்த்த ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பத்து, இருபது, முப்பது. நீலம் நீலமாகவே இருந்தது. முப்பத்தெட்டாவது சொட்டில்தான் மாறியது. அடுத்து மேல்கண்டிகைத் தண்ணீர். ஒரு சொட்டு விட்டேன். குவளை முழுக்க ரோஸ்.

அதிகாரி “ஒண்ணு” என்றதோடு நின்றார். கோவிந்தம்மா குவளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இதத்தான் சார் எங்க புள்ளைங்க குடிச்சிகினு கீதுங்க” என்றார்.

“கண்ணால பாத்துட்டேன்மா. ஆனா கண்ணால பாத்தத ஃபைல்ல வைக்க முடியாது” என்றார் அதிகாரி. “கவர்மென்ட் லேப் ஆளுங்க மூணு சீசன் வந்து எடுக்கணும். கோடை, ஆடி, மழைக்காலம். மூணும் ஒரே மாதிரி வந்தா மேப்ப மாத்தச் சொல்லி நானே எழுதறேன். அதுவரைக்கும் கிணத்துல சுண்ணாம்பு போடக்கூடாது. ஒரு பிடி விழுந்தாலும் எல்லாம் வீண்.”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. கெமிஸ்ட்ரி அப்படித்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒருத்தி ஐந்து நிமிட அவசரத்தில் செய்த தவறைத் திருத்த, ஓர் ஊர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

6. சுண்ணாம்பு இல்லாத கிருத்திகை

ஆபீஸ் வாசலிலேயே கோவிந்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க தப்புக்கு நாங்க குடிச்சு காட்டணுமா மேடம்? வருசத்துல அந்த ஒன்ற மாசந்தான் எங்களுக்கு நல்ல தண்ணி. அதயும் வுட்டுடணுமா?”

“ஆமாம்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஊரில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஷேர் ஆட்டோ ஏறிப் போனார்.

ஊர் ஒத்துக்கொண்டது. எப்படி ஒத்துக்கொள்ள வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கோடையில் லேப் ஆட்கள் வந்து எடுத்தார்கள். 5.3. ஆடி பிறந்தது.

கிருத்திகைக்கு முதல் நாள் போனேன். அந்த ஊரில் முதல் தடவையாகக் கைப்பிடிச் சுவர் வெள்ளை இல்லாமல் நின்றது. உள்ளே ஒரு பிடி விழுந்தாலும் போச்சு என்று சுவருக்குக்கூட அடிக்கவில்லை. ஊருக்குள் நிறைய பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பெரியவர் என் காதுபட, “நல்ல நாளும் அதுவுமா கெணத்த மூளியா நிக்க வெச்சுட்டாங்க” என்றார்.

தண்ணீர்ப் பந்தல் மட்டும் எப்போதும் போலப் போட்டிருந்தார்கள். பானைகள் நிறைந்திருந்தன. பந்தலுக்குப் பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் கேன்கள்.

“எங்கிருந்து?” என்றேன்.

“கீழ கே.ஜி.கண்டிகைலருந்து ஆட்டோல போட்டுகினு வந்தோம்” என்றார் கோவிந்தம்மா. “வெறுங்கால்ல, தோள்ல காவடி வெச்சுகினு வராங்க. அவங்களுக்கு இத குடுக்க சொல்றீங்களா?”

“உங்களுக்கு?”

“எங்களுக்கு கெணறு கீது.”

அன்றைக்கு முழுதும் மஞ்சள் உடுத்திய கூட்டம் அலையலையாக வந்து, அந்தப் பந்தலில் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு, அரோகரா என்று மலை பார்த்துப் போனது. கொடுத்தவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் 5.1 குடித்தார்கள். மறுநாள் லேப் ஆட்கள் வந்து எடுத்த எண் அது. அந்தத் தண்ணீரால் யாருக்கு என்ன நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதை நான் சோதிக்கவில்லை, சோதிக்காததை எழுதுவதை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் குழாயின் இரும்பும் மோட்டாரின் இரும்பும் கரைந்து அந்தத் தண்ணீரில்தான் போயிற்று. வேறு எங்கே போகும்?

எனக்கு அன்று வந்த கோபம் மனோகர் சார் மேல் இல்லை, அதிகாரி மேல் இல்லை. தட்டிவிட்ட அந்தக் கை மேல். முந்தானையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டாமல் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

ஐப்பசி மழையிலும் 5.2 வந்தது. அதிகாரி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மேப் மாறியது. புது ரிப்போர்ட்டின் அட்டையில் என் பழைய ஆபீஸின் பெயர் பெரிதாக இருந்தது. தொடர் ஆய்வில் நுட்பமாகக் கண்டறியப்பட்டது என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். நுட்பமாம்! சுக்கான் வெயின் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. சுண்ணாம்பு என்ற சொல் ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. கோவிந்தம்மா என்ற பெயரும் இல்லை. நான் பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தேன்.

7. சொம்பு

குழாய் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. தெருமுனையில் முதல் நாள் தண்ணீர் திறந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குடங்கள் நிறைந்தன. யாரோ கற்பூரம் காட்டினார்கள். பஞ்சாயத்துக்காரர் பேச ஆரம்பித்தார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இரண்டுதான். முதலாவது, கிணற்றில் மீட்டரை வைக்கும் முன், இந்தக் கிணற்றில் கடைசியாக யார் எதைப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேளுங்கள். சுண்ணாம்போ, பிளீச்சிங் பவுடரோ, நெல்லிக் கட்டையோ, எதுவானாலும் சரி. உங்கள் ஃபார்மில் அதற்கு இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள். எழுத இடம் போதாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் போட்டு எழுதுங்கள். பைப்பு ஓட்டையாகிறது என்று ஒருத்தர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இரண்டாவதை அன்றைக்குத்தான் கோவிந்தம்மா எனக்குக் கற்றுக் கொடுத்தார். பஞ்சாயத்துக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் அதே சொம்பு. புதுக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துக் கை நீட்டினேன்.

“இது கெணத்துத் தண்ணி” என்றார். “எத்தன தபா வந்திருப்பீங்க மேடம்? மொண்டுகினு போனீங்க, அளந்தீங்க, கலர் காட்டுனீங்க. ஒரு வாட்டி குடிச்சீங்களா?”

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. என் பையில் அன்றைக்கும் பாட்டில் இருந்தது.

வாங்கிக் குடித்தேன். இரும்புச் சாவியை நாக்கில் வைத்தது போல இருந்தது. பல் கூசியது. பாதியில் நிறுத்தினேன். அவர் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். மீதியையும் குடித்து முடித்தேன்.

சொம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கோவிந்தம்மா சொன்னார்:

“ஆங், இப்ப எழுதிக்கோங்க.”